முட்டை ஆகாத வீடு

கேக் ஆர்டர் கொடுக்க அவருக்குப் போன் செய்தால் முதலில் விலை சொல்ல மாட்டார். எத்தனை கிலோ என்றும் கேட்க மாட்டார். யார் யாரெல்லாம் சாப்பிடப் போகிறார்கள், அவர்களில் யாருக்கு என்ன ஆகாது, இதுதான் முதல் கேள்வி. பெரியப்பா வருவாரா, அவருக்குச் சர்க்கரை உண்டா, சம்பந்தி வீட்டில் வெள்ளிக்கிழமை முட்டை சேர்ப்பார்களா, பக்கத்து வீட்டுக்கும் ஒரு துண்டு போகுமா, போனால் அவர்கள் என்ன சாப்பிட மாட்டார்கள் என்று விசாரித்துக்கொண்டே போவார். பிறந்தநாள் பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்பது கடைசியில்தான் வரும். பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு கேட்கவில்லை என்று என் மனைவி சிரிப்பாள்.

ராஜகீழ்ப்பாக்கத்தில், வேளச்சேரி சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலத்தில் எழுந்த சின்னக் கட்டடம் எங்களுடையது. எங்களுடையது என்றால் நாங்கள் வாடகைக்கு இருப்பது. மாடியில் அவர் வீடும் எங்கள் வீடும் எதிரெதிரே. என்னைவிட நாலைந்து வயது இளையவர்தான். ஆனால் கட்டடமே அவரைக் கேக்கக்கா என்று கூப்பிட்டதால் நானும் அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவர் என்னை சார் என்பார். கணவர் தாம்பரம் மார்க்கெட்டில் செருப்புக் கடை வைத்திருந்தார். காலையில் போனால் இரவுதான் வருவார்.

அக்காவின் அம்மா தெற்கே கடலோர ஊர்க்காரர். பெருநாளுக்குத் தம்மடை செய்வாராம். ரவையும் முட்டையும் நெய்யும் கலந்து சட்டியில் ஊற்றி, அடியில் ஒரு நெருப்பும் மூடியின்மேல் ஒரு நெருப்பும் வைத்து வேகவிடுவது. அந்தப் பித்தளைச் சட்டி அக்காவின் அலமாரியில் கவிழ்ந்து கிடந்தது. தன் ஓவனைக் காட்டி, "இதுவும் அம்மா சட்டிதான் சார், கரண்ட்டுல ஓடுது, அவ்வளவுதான்" என்பார்.

அந்த ஓவன் ஒன்றல்ல, இரண்டு. சமையலறையில் இருந்தது முட்டை சேர்ப்பவர்களுக்கு. பின்பக்கத்துச் சின்ன அறையில் இருந்தது சேர்க்காதவர்களுக்கு. கிண்ணம், கரண்டி, தட்டு, துடைக்கும் துணி வரைக்கும் அந்த அறைக்கென்று தனி. இரண்டாவது ஓவன் வாங்கியபோது அவர் கணவர், என் கல்யாணத்துக்குக்கூட இப்படி ரெண்டு பந்தி போடவில்லை என்று கிண்டல் செய்தார். அக்கா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். அவருக்கு ஒரு பேச்சு உண்டு. "ஆகாதத ஆகாதுன்னு வெச்சாத்தான் சார், ஆகறது ருசிக்கும்."

இதில் நான் மாட்டிக்கொண்டேன். என் மனைவி முட்டை தொடமாட்டாள். நான் வெளியே சாப்பிடுவேன். ஒரு சாயங்காலம் அக்கா வீட்டிலிருந்து முட்டை பப்ஸ் வாசனை வந்தது. வெட்கத்தை விட்டுப் போய் ஒன்று கேட்டேன். தரமாட்டேன் என்றுவிட்டார். ஆகாதது அவளுக்குத்தான், எனக்கில்லை என்று வாதாடிப் பார்த்தேன். வாசப்படி ஒண்ணுதானே சார் என்று, கையில் ஒரு தேங்காய் பன்னைத் திணித்து அனுப்பினார். என் மனைவியின் விரதத்தை என் மனைவியைவிட அந்தம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கேம்ப் ரோடு வரைக்கும் நடந்துபோய் டீக்கடையில் பப்ஸ் தின்றுவிட்டு வந்தேன்.

அவருக்குக் கொண்டாட்டத்துக்கு நாள் நட்சத்திரம் வேண்டாம். இரண்டாம் மாடிப் பையன் கால் கட்டுப் பிரித்த நாள், போர்வெல்லில் மறுபடி தண்ணீர் வந்த நாள், நான் ஒருவழியாக டிரைவிங் லைசென்ஸ் வாங்கிய நாள், எல்லாவற்றுக்கும் வீட்டுக்கு ஒரு கப் கேக் வந்துவிடும். ஊதி விளக்கை அணைப்பது ஆகாது என்று நினைக்கும் குடும்பங்களுக்கு மெழுகுவத்தி கொடுக்க மாட்டார். கேக்கின் நடுவில் ஒரு சின்னக் குழி விட்டு, அதில் அகல் விளக்கை உட்கார வைத்து, ஏற்றி வையுங்கள், தானாக மலையேறட்டும் என்று சொல்லிக் கொடுப்பார்.

பங்குனி பிறந்து மரங்களில் பிஞ்சு மாங்காய் தொங்க ஆரம்பித்தால் அவர் கை பரபரக்கும். சித்திரை முதல் நாளுக்கென்று ஒரு பன் செய்வார். உள்ளே மாங்காயும் வெல்லமும் போட்ட பச்சடி, மேலே நெய்யில் வறுத்த வேப்பம்பூ ஒரு சிட்டிகை. வருஷப் பிறப்புப் பச்சடியை அப்படியே பன்னுக்குள் வைத்துவிட்டார். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பக்கத்து வீடுகளில் எல்லாம் பச்சடி சாப்பிட்டுப் பார்த்து, அவராகவே பிடித்தது. முட்டை சேர்ப்பவர்களின் பன்னுக்குமேல் அடித்த முட்டையைப் பூசுவார். மற்றவர்களின் பன்னுக்குப் பால்.

கட்டடத்தின் சொந்தக்காரர் கீழ்வீட்டில் இருந்தார். பெரியவர் என்போம். எண்பதைத் தொட்டுக்கொண்டிருந்தவர். உழுத நிலத்தை விற்றும் கட்டியும் வாடகை வாங்கியும் வாழ்கிற பழைய கிராமத்துக் குடும்பம். அந்தத் தெருவில் பாய் வீட்டுக்காரர்களுக்கு வீடு கொடுக்கப் பலர் தயங்கியபோது, அக்கா குடும்பத்துக்குச் சாவியை எடுத்துக் கொடுத்தவர் அவர். அவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறி மணக்கும், மகன்கள் வந்தால் மீன் பொரியும். பெரியவர் மட்டும் தனியாகத் தயிர்சாதத்தோடு உட்காருவார். அவருடைய ஒரே மகளுக்கு எட்டு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்களாம். அன்றைக்கு அம்மன் கோயில் வாசலில் நின்று, என் பிள்ளையைக் கொடுத்துவிடு, உயிருள்ளவரை கறி மீன் முட்டை தொடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டார். மகள் பிழைத்தாள். இப்போது சேலையூரில் குடும்பமாக இருக்கிறாள். கருவாடு என்றால் உயிரை விடுகிற மனுஷன் இத்தனை வருஷமாக நாக்கைக் கட்டிக்கொண்டிருந்தார்.

இந்தக் கதையை அக்கா என்னிடம் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் இறங்கிவிடும். பெரியவருக்கு ஒரு பிஸ்கட் செய்தால்கூடப் பின்னறையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

அந்த வருஷம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. ரம்ஜான் நோன்பு நடந்துகொண்டிருந்தது. ஈஸ்டர் ஆர்டர்கள் அப்போதுதான் முடிந்திருந்தன. சித்திரை வந்துவிட்டது. அக்கா நோன்போடு வேலை செய்தார். நாக்கில் ஒரு துளி வைத்து ருசி பார்க்க முடியாது, மூக்கையும் கண்ணையும் நம்பித்தான் எல்லாம். நோன்பு திறக்கிற வீடுகளுக்கு முட்டை பூசிய பன், சித்திரைக்குப் பால் பூசிய பன். வெயில் தாங்காமல், அன்று மட்டும் பூசுகிற வேலையைக் கூடத்து மேஜையில் மின்விசிறிக்குக் கீழே வைத்துக்கொண்டார். வருஷப் பிறப்பாயிற்றே, மங்களமாக இருக்கட்டும் என்று பாலில் குங்குமப்பூவையும் கரைத்திருந்தார். பால் கிண்ணமும் மஞ்சள், முட்டைக் கிண்ணமும் மஞ்சள்.

சித்திரை ஒன்றாம் தேதி காலையில் பன்கள் வீடு வீடாகப் போயின. பெரியவர் மகளோடு உட்கார்ந்து பன்னைக் கடிக்கிற போட்டோவை அவர் பேத்தி கட்டடத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தாள். எல்லோரும் கை கூப்பும் பொம்மை அனுப்பினோம். அன்று சாயங்காலம் நோன்பு திறந்த கையோடு அக்கா எங்கள் வீட்டு வாசலில் நின்றார். காலையில் கொடுத்த பன்னில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். ஒன்று இருந்தது. அதை டியூப்லைட்டுக்கு அடியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேல்தோலை நகத்தால் சுரண்டினார். பிறகு போனில் பெரியவரின் போட்டோவைப் பெரிதாக்கி என்னிடம் நீட்டினார்.

"பளபளப்பப் பாருங்க சார். பாலுக்கு இவ்வளவு வராது."

போட்டோ வெளிச்சம் அப்படி என்றேன். அவர் தலையை ஆட்டினார். கையில் இருந்த பன்னே சாட்சியாக இருந்தது. கிண்ணம் மாறி, முட்டையைப் பூசிவிட்டிருந்தார்.

முதலில் என் மனைவியிடம்தான் மன்னிப்புக் கேட்டார், அவள் கையைப் பிடித்துக்கொண்டு. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தெரியாமல் நடந்தது, போனால் போகிறது என்று வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து சாமி விளக்கை ஏற்றினாள். அத்தோடு முடிந்தது. ஆனால் பெரியவரின் கதை அதுவல்ல. அக்கா அப்போதே கீழே போய்ச் சொல்லக் கிளம்பினார். நான்தான் வழியை மறித்தேன்.

நான் சொன்னது எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. தெரியாமல் சாப்பிட்டால் பாவமில்லை. சொன்னால் அந்த வயதில் அவர் தாங்க மாட்டார். அவர் மகன்களுக்குத் தெரிந்தால் உங்களைக் காலி செய்யச் சொல்ல அது ஒரு சாக்கு, இந்தப் பக்கத்தில் வேறு வீடு உங்களுக்கு லேசில் கிடைக்காது. அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். வீடு போனா வேற வீடு சார், அது அவர் சாமிகிட்ட சொன்ன வார்த்தையாச்சே என்றார். ஆனாலும் அன்றைக்கு என் பேச்சு எடுபட்டது. படித்தவன், ஆபீஸ் போகிறவன், நாலும் தெரிந்தவன் என்ற மரியாதை.

அதன்பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. தினமும் காலையில் நான் கிளம்பும் நேரத்துக்குக் கதவைத் திறந்துகொண்டு நிற்பார். பெரியவர் நல்லா இருக்காரா, பொண்ணு நேத்து வந்தாங்களா, மூஞ்சி வாடின மாதிரி இருந்துதா என்று கேட்பார். சொல்லிடட்டுமா சார் என்பார். வேண்டாம் என்பேன். பெருநாள் வந்து போயிற்று, அவர் தம்மடை செய்யவில்லை. அனுதாபமாக இருந்த எனக்கு மெல்ல மெல்ல அலுப்புத் தட்டியது. மறைக்காமல் சொன்னால், அந்தக் கதவு திறக்கிற சத்தம் கேட்டாலே எரிச்சல் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் பெரியவரின் மகள் கேம்ப் ரோடு அருகே ஸ்கூட்டரிலிருந்து விழுந்தாள். மணிக்கட்டில் லேசான எலும்பு முறிவு. மாவுக்கட்டுப் போட்டு அன்றே அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை அக்கா எங்கள் வாசலுக்கே வந்து, இது அதனாலதானோ சார், சொல்லிடட்டுமா என்றார். எனக்கு ரயில் தவறிக்கொண்டிருந்தது. ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னேன்.

"சொல்லணும்னா போய் சொல்லிடுங்க அக்கா. தினம் தினம் என்னை ஏன் கேக்கறீங்க?"

அவர் அப்படியே படியிறங்கினார். நானும் பின்னாலேயே இறங்கினேன். வேறு வழி இல்லை, ரயிலுக்குப் போக நானும் அந்தப் படியில்தான் இறங்கியாக வேண்டும்.

பெரியவர் மோட்டார் போட்டுவிட்டு, தண்ணீர் நிரம்புவதற்காக பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தார். அக்கா எதிரே நின்று எல்லாவற்றையும் சொன்னார். பால், குங்குமப்பூ, மேஜை, கிண்ணம் என்று ஒன்று விடாமல். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டி நிரம்பி மேலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியும் அவர் சுவிட்சை அணைக்கவில்லை. நான் போய் அணைத்தேன். அதற்குப் பிறகுதான் பேசினார்.

"இன்னாத்துக்குமா எங்கிட்ட சொன்னே? தெரியாமயே இருந்துகினு இருப்பேனே."

கோபம் இல்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. பிறகு, "ஒம் மேல தப்பு இல்லமா. போ, வூட்டுக்குப் போ" என்றார்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. மகன்களிடமும் சொல்லவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மன் கோயிலில் மொட்டை அடித்துக்கொண்டு வந்தார். வெயிலுக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டார். ஆனால் அன்றிலிருந்து தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் மகளுக்குப் போன் செய்வார். காது மந்தம், அதனால் சத்தமாகப் பேசுவார். நல்லாகீறியா, ஒடம்புக்கு ஒண்ணுமில்லயே, நெஜமாவே ஒண்ணுமில்லயே என்று அவர் கேட்பது படிக்கட்டு வழியாக மாடி முழுக்கக் கேட்கும். அந்த நேரத்தில் அக்கா வீட்டில் மிக்ஸி ஓடாது, டிவி ஓடாது.

அக்கா நோன்பு பிடித்தார். சத்தியம் முறிந்தால் எங்களுக்கு மூன்று நாள் நோன்பு என்றார். அது அவரவர் சத்தியத்துக்குத்தான், மற்றவர் வேண்டுதலுக்கு நீ பிடிக்கத் தேவையில்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லிவிட்டதாக அவர் கணவர் என்னிடம் புலம்பினார். அக்கா மூன்று நாளும் பிடித்தார். பிடித்தும் ஆறவில்லை. மழைக்காலம் வருவதற்குள் பள்ளிக்கரணைப் பக்கம் வீடு பார்த்துவிட்டார். ஏம்மா போறே, நான் வாடகை ஏத்தினேனா என்று பெரியவர் தடுத்துப் பார்த்தார். சமையலறை பெரிசா வேணும் என்று அவரிடம் சொன்னார். என்னிடம் சொன்னது வேறு.

"நான் படி இறங்கறப்பல்லாம் அவருக்கு அது ஞாபகம் வருது சார். அவர் முகத்துல தெரியுது."

முதலில் சொல்லாதே என்று தடுத்ததும் நான்தான், பிறகு போய்ச் சொல் என்று தள்ளியதும் நான்தான். முதலாவது அவருடைய நன்மைக்காகச் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது எனக்கு ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்ததால் செய்தது. இதில் எது பெரிய தப்பு என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை. என் மனைவி, இரண்டுமே இல்லை, நீங்கள் அவர்கூடச் சேர்ந்து கீழே போய்ச் சொல்லியிருக்கலாம் என்பாள்.

போன பிறகும் எங்கள் வீட்டுக் கேக்கெல்லாம் அவரிடம்தான். போன் செய்தால், பெரியவர் பொண்ணு நல்லா இருக்காங்களா சார் என்றுதான் ஆரம்பிப்பார். நல்லா இருக்காங்க அக்கா என்பேன். அல்ஹம்துலில்லாஹ் என்று ஆண்டவனுக்கு நன்றி சொல்லி மூச்சு விடுவார். அது உண்மையாக இருந்தவரை சொல்வதில் சிரமம் இல்லை.

இந்தப் பங்குனியில் பெரியவரின் மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பல வருஷமாகக் கவனிக்காமல் விட்ட சர்க்கரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது, நிலைமை மோசம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பன்னுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்குத் தெரியும். பெரியவருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைப் பார்த்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த வாரத்தில்தான் என் மகனுக்கு வேலை கிடைத்தது. அவன் கேக்கக்கா கேக்தான் வேண்டும் என்றான். போன் செய்தேன். பெரியவர் பொண்ணைப் பற்றிய வழக்கமான கேள்வி வந்தது. தினமும் காலையில் கதவைத் திறந்துகொண்டு நின்ற அந்த முகம் ஞாபகம் வந்தது. நிஜத்தைச் சொன்னால் அவர் அடுப்படிப் பக்கமே போகமாட்டார் என்று தோன்றியது. நல்லா இருக்காங்க அக்கா என்றேன்.

அல்ஹம்துலில்லாஹ் என்றார். பிறகு, இவ்வளவு வருஷம் ஆயிடுச்சே சார், ஒண்ணும் ஆகலையே, ஆண்டவன் மன்னிச்சுட்டான்னுதானே அர்த்தம் என்றார். இந்தச் சித்திரைக்குப் பெரியவருக்கு ஒரு பெட்டி பன் அனுப்பட்டுமா, நீங்க கையில குடுத்துடுவீங்களா என்று கேட்டார். பெரியவர் ஊரில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. அனுப்புங்க அக்கா என்றேன்.

"வெறும் பால்தான் சார் பூசறேன். குங்குமப்பூகூடப் போடலை. நான் குடுத்தேன்னு சொல்லியே குடுங்க. சொல்லாம குடுத்துடாதீங்க."

சித்திரை ஒன்றாம் தேதி காலையில் டூவீலர்காரன் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். கீழ்வீடு பூட்டியிருந்தது. பெரியவர் முதல்நாள் ராத்திரியிலிருந்து ஐசியூ வாசலில் உட்கார்ந்திருந்தார். பெட்டியை எங்கள் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தேன். பழுப்பு நிற நூலால் கட்டி, கட்டுக்குள் ஒரு கொத்து வேப்பம்பூ செருகியிருந்தார். அதைப் பிரிக்க யாருக்கும் கை வரவில்லை.

சாயங்காலம் அக்காவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. குடுத்துட்டீங்களா சார் என்று. கொடுத்தேன் என்று டைப் செய்தேன். வாங்கிக்கிட்டாரா, சாப்பிட்டாரா என்று அடுத்தது வந்தது. சாப்பிட்டார் என்று அனுப்பினேன். இப்போதாவது சொல்லிவிடுங்கள் என்றாள் என் மனைவி. நான் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன். ரொம்ப நேரம் கழித்து இன்னொரு மெசேஜ் வந்தது. அக்கா அழுதிருந்தார், குரலில் தெரிந்தது.

"மொத பன்ன யாருக்கு சார் குடுத்தாரு? பொண்ணுக்கா?"

ஆமாம் அக்கா, பொண்ணுக்குத்தான் என்று எழுதி அனுப்பினேன்.